பின்னால் வளைந்த ஹேண்டில்பாருக்கு எந்த ஸ்டெம்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். மதுரை திருநகரிலிருந்து டவுன்ஹால் ரோட்டுக்கு வேலைக்குப் போய்வரும் ஹைப்ரிட் சைக்கிளில் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கிறது என்று நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுப் பின்னால் வளைந்த பார் ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். பாரின் நடுப்பகுதி 25.4 மி.மீ., பாரைக் கவ்வி முன் சக்கரத்தின் போர்க்கோடு இணைக்கும் உங்கள் ஸ்டெம்மின் வாய் 31.8 மி.மீ. கடையில் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பழங்காநத்தம் பக்கம் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஹேண்டில் கீழே சுற்றிக்கொள்கிறது, எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை, எந்த ஸ்டெம் வாங்கலாம் என்பது முதல் கேள்வி. தங்கச்சியின் பழைய லேடீஸ் சைக்கிளுக்கும் இதே மாதிரி பார் போடலாமா என்பது இரண்டாவது.

பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த சைக்கிளை இப்போது இருக்கும் நிலையில் ஓட்டாதீர்கள். ஹேண்டில் சுற்றும்போது கைப்பிடி மட்டும் கீழே போவதில்லை, பிரேக் லீவரும் சேர்ந்து போகிறது. எனக்கு அது நடந்திருக்கிறது. கீழக்குயில்குடியிலிருந்து காலையில் திரும்பி வரும்போது சின்னப் பள்ளம் ஒன்றில் முன் சக்கரம் இறங்கியது. பார் சட்டென்று கீழே சுற்றிவிட்டது. பிரேக் பிடிக்க விரலை நீட்டினால் லீவர் இருந்த இடத்தில் லீவர் இல்லை. ரோட்டோர மணலில் போய் விழுந்தேன். மணிக்கட்டு சரியாக மூன்று வாரம் ஆனது. அன்றைக்கு என் ஸ்டெம்மின் வாய் 26.0, பார் 25.4. வெறும் 0.6 மி.மீ. வித்தியாசம். முறுக்கினால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் ஓட்டினேன்.

நம் ஊரில் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிப் போகும் கறுப்பு சைக்கிளைக் கவனித்திருப்பீர்கள். அதன் ஹேண்டிலும் பின்னால் வளைந்ததுதான். இங்கிலாந்தில் இந்த வடிவத்துக்கு நார்த் ரோடு என்று பெயர். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிப்பட்டில் 1951-இல் தொடங்கிய அட்லஸ், லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோ என்று எல்லோரும் இந்த ரோட்ஸ்டர் வண்டியைச் செய்தார்கள். ஐம்பது கிலோ மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு மேலூர் ரோட்டில் போனாலும் அந்த ஹேண்டில் கீழே சுற்றாது. காரணம், கம்பி பிரேக் வைத்த அந்த வண்டிகளில் ஹேண்டிலும் ஸ்டெம்மும் தனித்தனிப் பொருள் இல்லை. பித்தளை உருக்கி ஒன்றாகப் பற்றவைத்தது. கவ்வும் வாயே இல்லாததால் வழுக்க இடமும் இல்லை. இந்த வடிவத்து ஹேண்டிலுக்கு எவ்வளவு பிடிமானம் தேவை என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் ஸ்டெம்மைத் தனியாக வாங்கி மாட்டும்போது அதே பிடிமானத்தை நாலு போல்ட்டில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு தேவை என்று ஒரு கணக்குப் போடலாம். நேர் ஹேண்டிலில் உங்கள் கை, ஸ்டெம் பாரைக் கவ்வும் இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கும். கையால் அழுத்தினால் பாரைச் சுற்றவைக்கும் விசை மிகக் குறைவு. பின்னால் வளைந்த பாரில் கை ஏறக்குறைய 20 செ.மீ. பின்னால் வந்துவிடுகிறது. இரண்டு கையும் சேர்ந்து 15 கிலோ அழுத்தம் கொடுத்தால் நேர் ஹேண்டிலில் சுமார் 4 நியூட்டன் மீட்டர் (சுற்றவைக்கும் விசையை அளக்கும் அலகு), வளைந்த ஹேண்டிலில் சுமார் 30. ஏழு மடங்கு. பள்ளத்தில் விழும்போதும், திடீரென்று பிரேக் பிடித்து உடம்பு முன்னால் சரியும்போதும் கையில் 40, 50 கிலோ வரும். அப்போது 80 முதல் 100 நியூட்டன் மீட்டர். நேர் ஹேண்டிலில் வருஷக்கணக்காக ஒழுங்காக நின்ற அதே ஸ்டெம் இதில் தோற்பது இதனால்தான். கடைக்காரர் சரியாக முறுக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்பேனரின் கைப்பிடி நீண்டால் முறுக்குவது லேசாகிறதே, அதே கதைதான் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

அதனால் ஸ்டெம் வாங்குவதில் முதல் வேலை அளப்பது. விலை, பிராண்டு, நிறம் எல்லாம் அப்புறம். விட்டம் அளக்கும் வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கவலை இல்லை. ஒரு விரல் அகலத்துக்குக் காகிதத்தை நீளமாக வெட்டி, பாரின் நடுவில் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நுனி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் குண்டூசியால் இரண்டு தாளையும் சேர்த்துக் குத்துங்கள். பிரித்து விரித்தால் இரண்டு ஓட்டை இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தை ஸ்கேலில் பாருங்கள். ஏறக்குறைய 80 மி.மீ. வந்தால் பார் 25.4. கிட்டத்தட்ட 82 வந்தால் 26.0. சரியாக 100 வந்தால் 31.8. 80-க்கும் 82-க்கும் வித்தியாசம் சின்னதுதான், அதனால் மூன்று தடவை சுற்றிப் பாருங்கள். என்னைக் கீழே தள்ளியது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான். அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். நடுவில் சில பார்களில் நர்லிங் போட்டு வரி வரியாக இருக்கும், அந்த வரிகளின் மேல்தான் அளக்க வேண்டும். கைப்பிடி மாட்டும் ஓரத்தில் அளந்தால் 22.2 வரும், ஸ்டெம்முக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

அளவு சரியாகப் பொருந்துவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்டெம்மின் வாய் பாரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால், இறுக்கும்போது உலோக வளையம் பாரின் முழுச் சுற்றையும் தொடுவதில்லை. இரண்டு மூன்று கோடுகளில் மட்டும் தொடுகிறது. போல்ட்டின் விசையில் ஒரு பகுதி அந்த வளையத்தை வளைப்பதிலேயே செலவாகிவிடுகிறது, பாருக்குப் போய்ச் சேர்வதில்லை. இன்னும் முறுக்கினால் மரை போகும், இல்லையென்றால் ஸ்டெம் வெடிக்கும், பிடிமானம் மட்டும் கூடாது. நீங்கள் முறுக்க முறுக்க நிற்காமல் போனதன் காரணம் இதுதான்.

உங்கள் வண்டியில் இருந்த தகரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25.4 பாரை 31.8 வாயில் வைத்தால் சுற்றிலும் 3.2 மி.மீ. இடைவெளி. அதைத் தகரத்தால் நிரப்ப வேண்டுமென்றால் பல சுற்றுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு வழுக்கும் பரப்பு உண்டாகிறது. குளிர்பான டின்னை வெட்டி வைப்பதும் இதே கதை, அதன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம்தான். நேர் ஹேண்டிலுக்கு அது ஓடிவிடலாம். பின்னால் வளைந்ததற்கு ஓடாது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவதை அறவே தவிருங்கள். ரப்பர் நசுங்கிக்கொண்டே இருக்கும், காலையில் இறுக்கியது மாலையில் தளர்ந்திருக்கும்.

உங்கள் ஹைப்ரிடுக்கு என் தேர்வு இது. போர்க்கின் தண்டு மரை இல்லாத வகை, வெளி விட்டம் 28.6 மி.மீ. என்றே நினைக்கிறேன். தண்டின் மேல் அடுக்கியிருக்கும் ஸ்பேசர் வளையங்களைக் கழற்றிவிட்டு அதே காகித முறையில் அளந்தால் 90 மி.மீ. வர வேண்டும். இதற்கு 25.4 வாய் உள்ள, முன்மூடி தனியாகக் கழன்று வரும், நாலு போல்ட் ஸ்டெம்மைத் தேடுங்கள். பழைய மவுண்டன் சைக்கிள்களில் இந்த அளவு சாதாரணமாக இருந்தது, இன்னும் கிடைக்கிறது. முன்மூடி தனியாக இருப்பதில் இரண்டு லாபம். ஒன்று, போல்ட்டின் விசை வளையத்தை வளைப்பதில் வீணாகாமல் நேராகப் பாரை அழுத்துகிறது. 5 மி.மீ. போல்ட் ஒன்றை 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது தோராயமாக 500 கிலோ விசையில் இழுக்கும். நாலு போல்ட் சேர்ந்து 2,000 கிலோ. இன்னொன்று, வளைவு அதிகமுள்ள பாரை மூடிய வாய்க்குள் நுழைத்து எடுப்பது பெரும்பாடு, பல பார்கள் நுழையவே நுழையாது. மூடியைக் கழற்றி வைத்து மூடினால் வேலை முடிந்தது.

இரண்டு போல்ட் முன்மூடியும் அளவு சரியாகப் பொருந்தினால் ஓரளவு நிற்கும், ஆனால் நாலு கிடைக்கும்போது நான் இரண்டை வாங்க மாட்டேன். கோணத்தை மாற்றிக்கொள்ளும் மடக்கு ஸ்டெம்மை வாங்கவே வேண்டாம். அதில் பாரைக் கவ்வும் இடம் தவிர நடுவில் இன்னொரு மூட்டு இருக்கிறது, நாளாக நாளாக அந்த மூட்டு ஆட ஆரம்பிக்கும். வலிக்கு ஏற்ற உயரத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஒரு மாதம் இரவல் வாங்கி வைத்துப் பார்ப்பதற்குச் சரி, அந்த ஒரு மாதமும் மெதுவாக ஓட்ட வேண்டும்.

25.4 ஸ்டெம் கிடைக்கவில்லை, கையில் இருக்கும் 31.8 ஸ்டெம்மையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் லேத் பட்டறைக்குப் போங்கள். அலுமினியத்தில் ஒரு குழாய் கடைந்து தரச் சொல்லுங்கள். வெளி விட்டம் 31.8, உள் விட்டம் 25.4, நீளம் ஸ்டெம் வாயின் அகலத்துக்குக் குறையாமல். கடைந்த பிறகு நீளவாக்கில் ஒரு பக்கம் வாள் போட்டுப் பிளக்க வேண்டும், அல்லது இரண்டு பாதியாக அறுக்க வேண்டும். பாரையும் ஸ்டெம்மையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே பொருத்திப் பாருங்கள். கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆனால் ஆட்டினால் ஆடக் கூடாது. மாட்டும்போது அந்தப் பிளவு, முன்மூடியும் ஸ்டெம்மும் சந்திக்கும் சந்தில் வரும்படி வையுங்கள். அப்போதுதான் இறுக்கும்போது குழாயும் சேர்ந்து சுருங்கும். இடைவெளியை நிரப்பும் இந்தக் குழாய்க்கு ஷிம் என்று பெயர். ஒரே துண்டாக, துல்லியமாகக் கடைந்த ஷிம் நன்றாகவே நிற்கும். என் நண்பர் ஒருவர் ஒத்தக்கடையிலிருந்து தினமும் டவுனுக்கு இதில்தான் வருகிறார். ஆயத்தமாகவும் இந்த ஷிம் விற்கிறார்கள்.

நடுவில் 31.8 தடிமன் உள்ள பின்வளைந்த பார்களும் இப்போது கிடைக்கின்றன. இன்னும் பார் வாங்காதவர்கள் அதை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. ஆனால் விலை குறைந்த சிலவற்றில் மெல்லிய குழாயின் மேல் ஒரு உறையை ஏற்றித் தடிமனாக்கியிருப்பார்கள். அந்த உறை தளர்ந்தால் ஸ்டெம் உறையைப் பிடித்திருக்கும், பார் உள்ளே சுற்றும். கடையில் வாங்கும் முன் உறையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

ஸ்டெம்மின் நீளத்தையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். கை 15, 20 செ.மீ. பின்னால் வருவதால் பழைய நீளத்திலேயே ஸ்டெம் இருந்தால் பிடி வயிற்றை இடிக்கும், வளைவில் திரும்பும்போது முட்டியில் தட்டும். ரொம்பப் பேர் கழுத்து வலிக்குக் குட்டை ஸ்டெம் நல்லது என்று வாங்கிவிடுகிறார்கள். நேர் ஹேண்டிலுக்கு அது பொருந்தும், இதற்குத் தலைகீழ். 90 முதல் 110 மி.மீ. வரை பாருங்கள். உயரம் வேண்டுமென்றால் மேல்நோக்கிய கோணம் உள்ளதை எடுங்கள். நீளம் கூடினால் பார் சுற்றும் ஆபத்து கூடுமா என்றால் கூடாது, கைக்கும் கவ்வும் இடத்துக்கும் உள்ள தூரம் மாறுவதில்லையே. பிரேக் ஒயர், கியர் ஒயர் நீளம் போதுமா என்று பாருங்கள். பெரும்பாலும் போதாது, புதிது போட வேண்டிவரும். லீவர்களைப் பற்றிக் கவலை இல்லை, கைப்பிடிப் பகுதி இரண்டு வகை பாரிலும் 22.2 என்பதால் இருப்பதே பொருந்தும்.

மாட்டும் முறையில்தான் நல்ல ஸ்டெம்மும் கெட்டுப்போகிறது, அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள். பாரின் நடுப்பகுதியையும் ஸ்டெம் வாயின் உள்பக்கத்தையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அங்கே கிரீஸ் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. போல்ட்டின் மரைக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் போடலாம், நம் வெயிலில் வேர்வை வழிந்து உப்புப் பட்டுத் துருப்பிடிப்பதை அது தடுக்கும். கார்பன் பார்களுக்கென்று நெறுநெறுவென்று மணல் கலந்தது போன்ற பேஸ்ட் ஒன்று விற்கிறது. அலுமினியப் பாருக்கும் அதைத் தாராளமாகப் போடலாம். குரோம் பூசிய இரும்புப் பார் என்றால் கட்டாயம் போடுங்கள், குரோம் ரொம்ப வழுக்கும்.

முதலில் நாலு போல்ட்டையும் விரலால் ஏற்றுங்கள். பிறகு குறுக்கு மறுக்காக, மேல் வலது, கீழ் இடது, மேல் இடது, கீழ் வலது என்று கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். மூடிக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே உள்ள சந்து மேலேயும் கீழேயும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டு கீழே வாயைப் பிளந்திருந்தால் கழற்றி முதலிலிருந்து செய்யுங்கள். ஸ்டெம்மின் மேல் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் 5 அல்லது 6. டார்க் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆலன் கீயின் நீண்ட கையில் போல்ட்டிலிருந்து சரியாக 10 செ.மீ. தூரத்தில் குறி வையுங்கள். பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் தொங்கு தராசையோ, பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசையோ அந்தக் குறியில் மாட்டி, கீக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 5 கிலோ காட்டும்போது போல்ட்டில் இருப்பது ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். முதல் தடவை செய்கிறவர்கள் வியப்பது, 5 கிலோ என்பது நாம் வழக்கமாகப் போடும் முறுக்கைவிட எவ்வளவு குறைவு என்பதைப் பார்த்துத்தான். அளவு பொருந்தினால் அவ்வளவே போதும்.

ஸ்டெம்மைப் போர்க்கில் மாற்றும்போது இன்னொரு தவறு நடக்கும். மேலே உச்சியில் இருக்கும் மூடியின் போல்ட், பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான். ஸ்டெம்மைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு போல்ட். அதனால் முதலில் உச்சி, ஆட்டம் போகும் வரை மட்டும். பிறகு சக்கரமும் ஸ்டெம்மும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கவாட்டுப் போல்ட்டுகள்.

இனித் தங்கச்சியின் வண்டி. அது மரை உள்ள பழைய வகைப் போர்க். அதன் ஸ்டெம் குழாய்க்குள்ளே இறங்கி, அடியில் ஓர் ஆப்பு இழுபட்டு உள்ளிருந்து இறுகும். பாரைக் கவ்வுவது ஒற்றைப் போல்ட். உள்ளே இறங்கும் தண்டின் விட்டம் பெரும்பாலும் 22.2, சில மலிவு வண்டிகளில் 21.1. இதையும் கழற்றி அளக்காமல் வாங்காதீர்கள், 21.1-ஐ 22.2 குழாயில் போட்டால் ஆப்பு எவ்வளவு இறுகினாலும் ஒரு நாள் ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் போகும்.

இதற்கு ஒற்றைப் போல்ட் ஸ்டெம்மே போதுமா என்றால், அடித்து உருவாக்கிய தரமான ஸ்டெம்மும் சரியான அளவு பாரும் சேர்ந்தால் போதும். ஜப்பானில் நிட்டோ செய்யும் ஒற்றைப் போல்ட் ஸ்டெம்களில் இதே வடிவப் பாரை மாட்டி உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள். ஆனால் உங்கள் தங்கச்சியின் வண்டியில் இருப்பது தகட்டை மடித்துச் செய்த ஸ்டெம் என்றால் அதில் போடாதீர்கள். அதைவிட நல்ல வழி, அடாப்டர் ஒன்றை வாங்குவது. அதன் கீழ்ப்பகுதி 22.2 தண்டாக உள்ளே இறங்கும், மேல்பகுதி 28.6 ஆக வெளியே நிற்கும். அதன் மேல் உங்கள் வண்டிக்குச் சொன்ன அதே நாலு போல்ட் ஸ்டெம்மை மாட்டிவிடலாம். பார்வைக்குப் பழைய வண்டியின் லட்சணம் கொஞ்சம் போகும். நான் பிடிமானத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். அடாப்டரின் தண்டுக்கும் ஆப்புக்கும் கிரீஸ் தடவியே இறக்குங்கள், இல்லையென்றால் ஐந்து வருஷம் கழித்துக் கழற்ற வராது. தண்டில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. தங்கச்சி வண்டியில் கம்பி பிரேக் இருந்து, ஹேண்டிலும் ஸ்டெம்மும் ஒன்றாகப் பற்றவைத்ததாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பார் மாற்றினால் பிரேக் முழுவதையும் ஒயர் பிரேக்காக மாற்ற வேண்டும். அந்த ஹேண்டிலும் ஏற்கெனவே பின்னால் வளைந்ததுதானே.

சைக்கிளுக்கான சர்வதேசத் தர விதி ஐ.எஸ்.ஓ. 4210-இல் பார் ஸ்டெம்முக்குள் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. வீட்டில் நாம் செய்யக்கூடிய சோதனை எளிது. வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தி, முன் பிரேக்கை ஒயர் கட்டி இறுக்கி, இரண்டு கைப்பிடியின் பின் நுனியிலும் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தை மெதுவாக இறக்குங்கள். பாதி உடம்பு எடை போகும்வரை இறக்கலாம். நிற்க வேண்டும். பிறகு நகப்பூச்சு எடுத்து, ஸ்டெம்மின் விளிம்பிலிருந்து பார் மேல் போகும்படி குறுக்கே மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். சிவப்பு நன்றாகத் தெரியும். முதல் வாரம் தினமும் கிளம்பும்போது அந்தக் கோட்டை ஒரு பார்வை பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகியிருந்தால் பார் நகர்ந்திருக்கிறது. ஸ்டெம்மின் ஓரத்தில் கறுப்புப் பொடி கசிந்திருந்தாலும், ஏறும்போது 'கிரீச்' என்று சத்தம் வந்தாலும் அதே அர்த்தம்தான். அப்போது மேலே முறுக்காதீர்கள். கழற்றி, துடைத்து, காகிதத்தை இன்னொரு தடவை சுற்றி அளந்து பாருங்கள்.